மணியடிக்காமல் வந்த பார்சல்

டீச்சர் சர்வேயரின் வீட்டுக்கு நடந்து வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளுடைய கணவர் அவளைக் கைகளில் தூக்கியபடியே மாடிப்படி ஏறி வந்து, முன்னறை நாற்காலியில் பதமாக உட்காரவைத்தார். பிறகு கீழே போய் ஊன்றுகோல்களை எடுத்து வந்தார். மறுபடி போய்த் தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்தார். மூச்சு வாங்குவதைக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. இந்தக் காலத்தில் இப்படி ஒரு புருஷனா என்று கிளட்ச் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

கிளட்ச் என்பவர் சர்வேயருடைய மனைவியின் தம்பி. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்க "கிளட்ச், கிளட்ச்" என்று தொண்டை கிழியக் கத்தியதில் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. வகுப்பு இல்லாத நேரமெல்லாம் அத்தான் வீட்டில்தான் இருப்பார். அத்தான் இருபத்தெட்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக, வழியில் உடைந்த சரக்கையும் காணாமல் போன சரக்கையும் ஆராய்ந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் தேடி வருவது நிற்கவில்லை. அத்தானுக்குக் கேள்வி கேட்கப் பிடிக்கும். மச்சானுக்கோ யாரையாவது பிடித்து நாலு சாத்து சாத்தினால்தான் மனசு ஆறும்.

சர்வேயர் கணவரைக் கீழே வண்டியில் காத்திருக்கச் சொன்னார். அவர் போனதும் டீச்சர் எடுத்த எடுப்பில் சொன்னாள்:

"திருடன் யாருன்னு எனக்குத் தெரியும் சார். நீங்க நிரூபிச்சுக் குடுத்தாப் போதும். போலீசுக்கெல்லாம் போக வேண்டாம். அந்த ஆள் எனக்கு வேணும்."

அவள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு லாரி அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. செயற்கைக் கால் வந்தது, பழகினாள், வீட்டுக்குள் நடந்தாள். நாலு மாதம் முன்பு அதன் உள்ளே போடும் சிலிக்கான் உறை கிழிந்தது. மிச்சமிருக்கும் காலின் மேல் அந்த உறையை மாட்டித்தான் செயற்கைக் காலைப் பொருத்த வேண்டும். உறை இல்லாவிட்டால் பளபளவென்று இருக்கும் அந்தக் காலும் மூலையில் நிற்கும் கட்டைதான். உறையை வேறொரு ஊர்ப் பட்டறை அவள் அளவுக்கென்றே வார்த்துக் கொடுக்கிறது. வேறு யாருக்கும் அது உதவாது. அப்படிப்பட்ட பொருளை மூன்று முறை அனுப்பி, மூன்று முறையும் வாசலிலிருந்து யாரோ தூக்கிவிட்டார்கள்.

பள்ளி அவளுக்காகக் காத்திருந்து அலுத்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் சொந்தக் காலில் வந்து கையெழுத்துப் போட்டால் வேலை அவளுக்கு. இல்லையென்றால் ஏற்கெனவே பார்த்துவைத்திருக்கும் வேறொருத்திக்கு.

"என் எதிர் வீட்டு டியூஷன் அம்மாவுக்கு வாரம் ரெண்டு பார்சல் வருது. புடவை, பாத்திரம், எல்லாம். ஒண்ணுகூடத் தொலைஞ்சதில்ல. எனக்கு வர்ற இந்த ரப்பர் உறை மட்டும் தொலையுது. அப்படின்னா இது திருட்டு இல்ல சார். வன்மம்."

மற்றதைச் சர்வேயர் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். முதல் இரண்டு பார்சல்களும் அவள் பெயருக்கே வந்தன. கூரியர் கம்பெனி வாசலில் பார்சலை வைத்துப் படம் எடுத்துக் கணவரின் போனுக்கு அனுப்பியது. அவர் ஆபீசிலிருந்து கூப்பிட்டு, பார்சல் வந்துவிட்டதாம், பார் என்றார். ஊன்றுகோலோடு அவள் கதவைத் திறந்தபோது வாசல் காலியாக இருந்தது. இரண்டாவது முறை போனதும், அவள் யாரிடமும் சொல்லாமல் பட்டறைக்குப் பேசி, மூன்றாவதைக் கீழ் மாடியில் குடியிருக்கும் மருந்துக்கடைக்காரர் பெயருக்கு அனுப்பச் சொன்னாள். கணவரிடம்கூடச் சொல்லவில்லை, அவர் ஏற்கெனவே இதற்காக அலைந்து நொந்துபோயிருந்தார். விஷயம் அவளுக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். அவர் வாசலிலும் படம் எடுக்கப்பட்டது. பட்டறைக்காரர்கள் அந்தப் படத்தை அவள் போனுக்கு அனுப்பினார்கள். மருந்துக்கடைக்காரரோ, பார்சலே வரவில்லை என்று சாதித்தார்.

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"ஞாயித்துக்கிழமை அவர் கடைக்குப் போனேன். தெருவுல நின்னு, முடமானவ காலைத் திருடித் தின்னுற பயலேன்னு கத்தினேன். அதுல இருந்து அந்தக் கடைக்கு ஈ காக்கா போகல." அவள் குரலில் வருத்தம் துளியும் இல்லை. "அங்கேயும் என் வீட்டுக்காரர்தான் தூக்கிட்டுப் போனார்."

கிளட்சுக்கு ரத்தம் கொதித்தது. மருந்துக்கடைக்காரரின் சட்டையைப் பிடிக்க இப்போதே புறப்படலாமா என்று அத்தானைப் பார்த்தார். அத்தான் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் போனிலிருந்த இரண்டையும் முன்கூட்டியே டீச்சர் வாங்கி வைத்திருந்தாள். மூன்றிலும் பழுப்பு நிறப் பெட்டி, பின்னால் கதவு, பெட்டிக்கு அடியில் நீலத் துணியின் ஓரம்.

"உங்க வாசல்ல மிதியடி போட்டிருக்கீங்களா டீச்சர்?"

"கால் போனதுல இருந்து இல்ல. ஊன்றுகோல் வழுக்கும்னு அவர் எடுத்துட்டார்."

"மூணு தடவையும் வாசல் மணி அடிச்சுதா?"

அவள் யோசித்துவிட்டு, இல்லை என்றாள். மருந்துக்கடைக்காரரின் மனைவியும் மணியே அடிக்கவில்லை என்றுதான் சொன்னாளாம். புருஷனைக் காப்பாற்றச் சொல்கிற பொய் என்று டீச்சர் நினைத்திருந்தாள். கூரியர் கம்பெனியில் புகார் கொடுத்தீர்களா என்று சர்வேயர் கேட்டார். கணவர் இரண்டு தடவை நேரில் போய் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார், ஒன்றும் பலனில்லை என்றாள்.

புதன்கிழமை ஒரு பொறி வைத்தார்கள். பட்டறைப் பெட்டியைப் போலவே ஒரு பழுப்புப் பெட்டி தயாரானது. உள்ளே அழியாத மை வைக்கலாம், திறந்தவன் கை ஒரு மாதம் காட்டிக்கொடுக்கும் என்றார் கிளட்ச். மிளகாய்ப்பொடி வையுங்கள், கண்ணே அவியட்டும் என்று டீச்சர் போனில் சொன்னாள். சர்வேயர் இரண்டையும் கேட்டுக்கொண்டு பழைய செய்தித்தாள்களை வைத்து ஒட்டினார். கணவர் ஆபீசுக்குக் கிளம்பிய பிறகு பெட்டி டீச்சரின் வாசலுக்குப் போனது. கணவருக்கும் சொல்ல வேண்டாம், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று சர்வேயர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கிளட்ச் மொட்டைமாடிப் படியில் மறைந்து உட்கார்ந்தார்.

மாலை ஐந்து மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தவரின் முகம் தொங்கிப்போயிருந்தது. பெட்டியை யாரும் எடுக்கவில்லை. பெருக்கும் அம்மா அதைத் தூக்கி, கீழே பெருக்கி, திரும்ப அதே இடத்தில் வைத்தாள். டியூஷன் அம்மா தன் செருப்பு ஸ்டாண்டுக்கு இடைஞ்சல் என்று முனகிக் காலால் தள்ளினாள். மருந்துக்கடைக்காரர் துணி காயப்போட மேலே வந்தார், பெட்டியைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார், போய்விட்டார். பதினொன்றரைக்குக் கூரியர்காரர் டியூஷன் அம்மாவுக்கு ஒரு பார்சல் கொண்டுவந்தார்.

"அந்த ஆள் ரெண்டு தரம் மணி அடிச்சு, கையெழுத்து வாங்கிட்டுத்தான் போனான் அத்தான். போற போக்குல நம்ம பெட்டியைப் பார்த்துட்டு, டீச்சர் வீட்டு மணியையும் அடிச்சு, பார்சல் வெளிய கெடக்கு எடுத்துக்கங்கன்னு வேற சொல்லிட்டுப் போறான். நம்ம பொறியையே கெடுத்துட்டான்."

"கெடுக்கல மச்சான். அவன்தான் முக்கால்வாசியைச் சொல்லிட்டுப் போயிருக்கான்," என்றார் சர்வேயர்.

வியாழக்கிழமை சர்வேயர் கூரியர் ஆபீசுக்குப் போய்ப் புகார்ப் பதிவைப் பார்த்தார். பிறகு அந்தக் கூரியர்காரரைத் தேடிப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். வீட்டுக்கு வந்து பட்டறைக்குப் போன் பேசினார். மூன்றுக்கும் கிடைத்த பதில்களைக் கிளட்சிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் பாதி ராஜ்ஜியத்துக்குத் தெரியும்படி குதிப்பார். அன்று சர்வேயர் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு ஆத்திரம் வந்தால் பசி போய்விடும்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு டீச்சர் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். டீச்சர் நாற்காலியில் இருந்தாள். கணவர் ஆபீசுக்குத் தயாராகி, அவள் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டதால் வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். டியூஷன் அம்மாவை யாரும் கூப்பிடவில்லை, ஆனால் அவள் இல்லாமல் அந்த மாடியில் எதுவும் நடக்காது. கூரியர்காரர் பையைத் தோளில் மாட்டியபடி வாசலில் நின்றார்.

"முதல் விஷயம்," என்றார் சர்வேயர். "இந்த வாசல்ல திருடனே இல்ல. ஒரு நாள் முழுக்கப் பெட்டியை வெச்சுப் பார்த்தோம். எத்தனையோ பேர் தாண்டிப் போனாங்க, ஒருத்தரும் எடுக்கல. அந்த மூணு பார்சலை மட்டும் மாயமா எடுத்தது யாருன்னு நான் கேட்கல. அது வாசல்ல இருந்துச்சான்னுதான் கேட்டேன்."

"படம் இருக்கே அத்தான்," என்றார் கிளட்ச்.

"இருக்கு. படத்துல பெட்டிக்கு அடியில நீலத் துணி தெரியுது. இந்த வாசல்ல மிதியடி கிடையாது. கீழ்வீட்டுப் படத்துலயும் அதே நீலம். இப்ப அந்தத் தம்பி தோள்ல மாட்டியிருக்கிற பையைப் பாருங்க."

எல்லோரும் திரும்பினார்கள். கூரியர்காரரின் பை நீலமாக இருந்தது. டியூஷன் அம்மா, அட பாவி என்று ஆரம்பித்தாள். சர்வேயர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வெச்சுட்டுப் போறவங்க யாராவது தன் பையை அடியில போடுவாங்களா? திரும்ப எடுக்கப் போறவன்தான் பையை விரிச்சு அது மேல வைப்பான். வாசல்ல படம் எடுக்காம பார்சலை ஒப்படைச்சதாக் கணக்காகாது, அது இவங்க கம்பெனி விதி. அதனால படத்தை எடுத்துட்டுப் பார்சலைப் பையோட சேர்த்துத் தூக்கிட்டுப் போயிருக்கார். அதுக்காக இவர் திருடன்னு சொல்லிட முடியுமா? தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெட்டி தரையில கெடந்ததுக்கே மணி அடிச்சுச் சொன்ன ஆள் இவர். அப்படிப்பட்டவர் மூணு தரம் மட்டும் மணி அடிக்கல. ஏன்? அடிக்க வேண்டாம்னு யாரோ சொல்லியிருக்காங்க. இவர் மதிக்கிற யாரோ."

டீச்சரின் முதுகுக்குப் பின்னால் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்த கை நின்றது.

"மூணாவது பார்சல் பத்தி ரெண்டு பேருக்குத்தான் தெரியும்னு டீச்சர் நம்பினாங்க. பெயரையும் வீட்டையும் மாத்தச் சொன்னாங்க, பட்டறையிலயும் மாத்தினாங்க. ஆனா போன் நம்பரை யாரும் மாத்தல. முதல்முதலா கால் அளவெடுத்தப்ப நிரப்பின அட்டையில என்ன நம்பர் இருந்துச்சோ, அதையேதான் ஒவ்வொரு தடவையும் பார்சல்ல எழுதறாங்க. கூரியர்லருந்து சேதி அந்த நம்பருக்குத்தான் போகும். அட்டையை நிரப்பினது யாரு டீச்சர்?"

அளவெடுத்த அன்று அவள் வலி மாத்திரையின் மயக்கத்தில் இருந்தாள். எல்லாவற்றையும் நிரப்பியவர் ஒருவர்தான்.

"கூரியர் ஆபீஸ்ல ரெண்டு தடவை மேஜையைத் தட்டிச் சண்டை போட்டதாச் சொன்னாரே, அங்க இந்த வீட்டுலருந்து ஒரு புகார்கூட பதிவாகல. யாரும் போகவே இல்ல. அதனாலதான் இந்தத் தம்பியையும் இதுவரைக்கும் யாரும் ஒரு கேள்வி கேட்கல. தம்பி, என்கிட்டச் சொன்னதை இங்க சொல்லு."

கூரியர்காரர் பையைத் தோளிலிருந்து இறக்கினார். "சார்தான் போன் பண்ணுவார். மேடம் வலியில தூங்குறாங்க, மணி அடிச்சு எழுப்பாதே, தெருமுனைக்குக் கொண்டா, நானே வந்து வாங்கிக்கிறேன்னு சொல்வார். மூணாவதுக்கும் அதேதான். கீழ்வீட்டுப் பேருல வந்தாலும் எங்களுதுதான்னார். மேடமைத் தூக்கிட்டுப் போறவராச்சே, அவர்கிட்டக் குடுத்தா என்னன்னு குடுத்துட்டேன். காணாமப் போச்சுன்னே எனக்குத் தெரியாது மேடம்."

இதுவரை அந்தக் கணவருக்கு மரியாதை கொடுத்து எழுதிவிட்டேன். இனி என்னால் முடியாது. அவன் மெதுவாகச் சுற்றி வந்து மனைவியின் முன்னால் நின்றான். இல்லை என்று சொல்லப் போகிறான் என்றுதான் கிளட்ச் கையை முறுக்கிக்கொண்டு காத்திருந்தார். அவன் மறுக்கவில்லை. நீ விழுந்துவிடுவாயோ என்று பயந்தேன் என்று ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பொய்யைப் பாதியில் விட்டுவிட்டான்.

"பன்னெண்டு வருஷம் நான் யாரு? பி.டி. டீச்சரோட புருஷன். வீட்டுக்கு வர்றவங்க உன்கிட்டப் பேசிட்டு, போறப்ப எனக்குத் தலையாட்டிட்டுப் போவாங்க. உன் கால் போனப்புறம்தான் இந்தத் தெரு என்னைப் பார்த்துச்சு. ஆபீஸ்ல எழுந்து நிக்கிறாங்க. நீயும் என்னைத் தேடினே. தண்ணி வேணும்னாக்கூட என்னைத் தேடினே. அதை மறுபடி எப்படி விடறது?"

கிளட்ச் முறுக்கிய கையைத் தளர்த்திவிட்டார். பன்னிரண்டு வருடமாக "என்னங்க, வாங்க" என்று கூப்பிட்டவளின் வாயிலிருந்து முதல் முறையாக வேறு வார்த்தை வந்தது.

"எங்க வெச்சிருக்கே?"

ஆபீஸ் மேஜையில், கீழ் இழுப்பறையில் மூன்றும் இருந்தன. அவள் காலின் அளவு என்பதால் தூக்கிப் போட மனம் வரவில்லை என்றான். அதைக் கேட்டு அவள் இரங்குவாள் என்று நினைத்தான் போலிருக்கிறது. அவள் கையை நீட்டினாள், அவன் சாவியைக் கொடுத்தான். கிளட்ச் டிரைவிங் ஸ்கூல் காரை எடுத்துக்கொண்டு பறந்தார். ஆபீஸ் காவலாளிக்கு அவனே போன் செய்து அனுமதிக்கச் சொன்னான். பாவம், அங்கேயும் அவனுடைய மனைவிக்கு என்ன ஆயிற்றோ என்று எல்லோரும் பதறினார்களாம்.

காத்திருந்த நேரத்தில் டீச்சர் மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பி, மன்னிச்சுடுங்க என்றாள்.

"இங்க கேட்டா எப்படி?" என்றார் அவர். "நாலு சுவத்துக்குள்ள நீங்க என்னைத் திட்டல. என் கடை வாசல்ல, தெருவே பார்க்கத் திட்டினீங்க. எனக்கும் மானம் அங்கதான் போச்சு, அங்கதான் வரணும்."

டியூஷன் அம்மா, கால் இல்லாத பெண்ணிடம் இப்படியா என்று பரிந்து பேச வந்தாள். டீச்சர் அவளைத் தடுத்து, அவர் கேட்பது நியாயம் என்றாள்.

கிளட்ச் திரும்பி வந்தபோது மணி ஒன்பதே முக்கால். மூன்று பெட்டிகளும் பிரிக்கப்படாமல் இருந்தன. டீச்சர் ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உதவிக்கு எழுந்த டியூஷன் அம்மாவை வர வேண்டாம் என்றாள். உள்ளே ஏதோ விழுந்தது. யாரும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் இரண்டு கால்களில் வெளியே வந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள், நெற்றியெல்லாம் வியர்வை. நாலு மாதமாகப் பழக்கம் விட்டுப்போனதில் ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒரு பக்கம் இழுத்தது. அவன் வழக்கப்படி கையை நீட்டினான்.

"தொடாதே. முன்னாடி நட."

படிகளை அவளே இறங்கினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று இறங்க ஒரு யுகம் ஆயிற்று. மருந்துக்கடை தெருவின் மறுகோடியில் இருந்தது. கிளட்ச் காரில் ஏறச் சொன்னார், அவள் மறுத்துவிட்டாள். அத்தானும் மச்சானும் பின்னாலேயே நடந்தார்கள். டீச்சர் நடக்கிறாள் என்று பார்த்ததும் கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். ஒரு கிழவர் அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கி, உன் பொறுமைக்குக் கிடைத்த பலன் தம்பி என்றார். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அந்தக் குலுக்கலைப் பார்த்தபோது டீச்சர் சிரித்தாள். அவ்வளவு கசப்பான சிரிப்பைச் சர்வேயர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

மருந்துக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றார். டீச்சர் ஞாயிற்றுக்கிழமை கத்திய அதே இடத்தில் நின்றாள். மைதானத்தில் இருநூறு பிள்ளைகளுக்குக் கேட்கும்படி கட்டளையிட்டுப் பழகிய குரல் அது.

"இவர் திருடல. இவர் மேல நான் அபாண்டமாப் பழி போட்டேன். தப்பு என்னோடது. இதே வாசல்ல, எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்."

மருந்துக்கடைக்காரர் தலையசைத்தார். கூட்டத்தில் யாரோ, அப்போ யார்தான் திருடினது என்று கேட்டார்கள். டீச்சர் கணவன் பக்கம் திரும்பினாள்.

"இவன் சொல்லுவான்," என்று கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு அவனிடம் பேசினாள். "நான் சொன்னா, வலியில ஏதோ உளறுறாளேன்னு உன்னைப் பார்த்துப் பரிதாபப்படுவாங்க. நீயே சொல்லு. கடைசி வீடு வரைக்கும் கேக்கணும்."

அவன் அவளைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று உதடு மட்டும் அசைந்தது. சர்வேயர் கடிகாரத்தைப் பார்த்து, பத்தரை ஆகப்போகிறது, பள்ளிக்கு நேரமாகிறது என்று நினைவுபடுத்தினார். கிளட்ச் ஓடிப்போய்க் காரைக் கடைவாசலுக்கே கொண்டுவந்தார்.

டீச்சர் அவன் பேசி முடிப்பதைக் கேட்க நிற்கவில்லை. பிடியைப் பற்றிக்கொண்டு, முதலில் நல்ல காலையும் பிறகு மற்றதையும் உள்ளே வைத்துத் தானாகவே ஏறி உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் அவன் முதல் வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். கூட்டத்திலிருந்து ஒருவர், காதில் விழவில்லை, இன்னும் சத்தமாகச் சொல்லப்பா என்றார்.

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பள்ளிக்குப் போங்க என்றாள்.